கல்மரத்துக்கு ஒரு ரசீது

அகஸ்டினா புளுகுவாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பஞ்சாலையில் நூல் சுற்றும் பெண்கள் இருபது பேர். சோற்று மணி அடித்ததும் அவளைச் சுற்றித்தான் உட்காருவோம். கடலில் யானை நீந்தியதை அவள் பார்த்திருக்கிறாள். கவர்னர் மாளிகைச் சமையற்காரன் அவளிடம் மீன் குழம்புக்குப் பக்குவம் கேட்டிருக்கிறான். நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது. திருவக்கரைப் பக்கம் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன என்று, வண்டியோட்டியாக இருந்து செத்துப்போன அவள் அப்பா சொல்லியிருந்தார். அதற்கும் நாங்கள் சிரித்தபோது சோற்றை மூடி வைத்துவிட்டாள்.

"எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு."

"அப்ப ஒரு துண்டு எடுத்தாந்து காட்டு. அதுக்கப்பறம் நீ இன்னா சொன்னாலும் நம்பறேன்," என்றாள் கன்னியம்மாள்.

1935 கிறிஸ்துமஸ் முடிந்ததும் பாய்லர் பழுதுபார்க்க மில்லுக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள். அகஸ்டினாவின் புருஷன் பிரகாசம், வெள்ளைக்காரத் தெருக்களில் சைக்கிளில் ரொட்டி போடுகிறவர். அவரும் லீவு கேட்டு வாங்கினார். ரொட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெண்டாட்டியை ஏற்றினார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இருவரும் ஜோடியாக ஊரைவிட்டுக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. இனி வருவதில் அவள் சொன்னதைப் பாதி தள்ளிவிட்டு, மீதியைப் பிரகாசத்திடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஊசுட்டேரிக் கரையில் அகஸ்டினா கைதட்டினாள். ஏரியிலிருந்த வாத்துகள் மொத்தமும் எழும்பின. பிரகாசம் அண்ணாந்து பார்த்தபடியே மிதித்ததில் இருவரும் சைக்கிளோடு புல்லில் உருண்டார்கள். எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆனதாம், அவ்வளவு சிரிப்பு. வழியில் பழக்கதோஷத்தில் அவர் மணியடித்தபடி "ரொட்டி, ரொட்டி" என்று கூவ, ஒரு கிராமத்து நாய்களெல்லாம் பின்னாலேயே ஓடிவந்தன.

மறுநாள் செஞ்சி மலை. எங்கள் ஊரில் உயரமென்றால் மாதா கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கும்தான். பாதிப் படியில் பிரகாசம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அகஸ்டினா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உச்சிக்குப் போனாள். அங்கே காற்றில் இருவரும் தங்கள் பெயரைத் தாங்களே கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு குரங்கு வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் திருவக்கரை. செம்மண்ணில் மரங்கள் படுத்திருந்தன. பட்டை இருந்தது, கணு இருந்தது, வெட்டுவாயில் வளையமும் இருந்தது. தொட்டால் கல். அகஸ்டினா குந்தி உட்கார்ந்து தடவிக்கொண்டே இருந்தாள். "எங்கப்பா பொய் சொல்லல," என்றாள். தனியே கிடந்த ஒரு துண்டை மாற்றுப் புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

எங்கள் பக்கம் பிரெஞ்சு நிலமும் இங்கிலீஷ் நிலமும் கலந்து கிடப்பதால் வழியில் சுங்கச் சாவடிக்குப் பஞ்சமில்லை. இங்கிலீஷ் சாவடி ஒன்றில் குமாஸ்தா சக்கரபாணி மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்.

"இது இன்னா?"

"மரங்க."

தூக்கிப் பார்த்தார். "கல்லுல்ல இது?"

"கல்லுதாங்க. ஆனா மரம்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. கணக்கு நோட்டுல மரத்துக்கு ஒரு பக்கம், கல்லுக்கு ஒரு பக்கம். நான் எதுல எழுதறது?"

அவர் ரூல்தடியால் தட்டினார், முகர்ந்தார், சேவகனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரகாசத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் சக்கரபாணி, "பெரிய ஆபீசர் வந்து பாத்துச் சொல்லட்டும். இங்கயே இருக்கட்டும், ரசீது தரேன்," என்றார்.

அகஸ்டினா ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். பிரகாசத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. எவ்வளவோ கெஞ்சினார், குமாஸ்தா அசையவில்லை. மேசையை இழுத்து, பேனாவை மையில் தோய்த்தார். அப்போதுதான் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, தமிழ்ல எழுதுங்க. எப்டி இருக்குதோ அப்டியே, ஒண்ணு விடாம எழுதுங்க. முத்திரைய நல்லா அழுத்திக் குத்துங்க."

மில் திறந்த அன்று சோற்று மணிக்குப் பிறகு அந்த ரசீதை என்னிடம் நீட்டினாள். கன்னியாஸ்திரீகளிடம் எழுத்துக் கற்றவள் எங்களில் நான் ஒருத்திதான். எழுந்து நின்று படித்தேன்: "பட்டை, கணு, வளையங்களுடன் கூடிய மரத்துண்டு ஒன்று. முழுவதும் கல்லாக இருக்கிறது. எடை ஆறு ராத்தல். சர்க்கார் வசம் வைக்கப்பட்டது."

யாரும் சிரிக்கவில்லை. கன்னியம்மாள் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். "உங்கப்பா சொன்னது நெசந்தான்க்கா," என்றாள். அகஸ்டினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்த்த எனக்கும்தான்.

"வேற இன்னாக்கா பாத்தே?" என்று கன்னியம்மாளே கேட்டாள்.

அகஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஏரி வாத்துகளைச் சொன்னாள். மலையைச் சொன்னாள். மலையுச்சியில் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய புலியைச் சொன்னாள்.

"எம்மாம் பெரிய புலிக்கா?" என்று கன்னியம்மாள் பயத்தோடு கேட்டாள்.