ஏழாவது கேள்வி

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நான் எதையும் வாங்குவதில்லை. விலை கேட்டுவிட்டு, இதே மாதிரி எங்கள் வீட்டில் இருந்ததை எடைக்குப் போட்ட புத்திசாலித்தனத்தை நினைத்தபடி திரும்பிவிடுவேன். போன வாரம் பீங்கான் ஜாடிகளுக்குப் பின்னால், கையால் சுற்றிப் படியெடுக்கும் ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின் கிடந்தது. உருளையில் பழைய மையின் வாசனை, ரப்பரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட மாதிரி.

"இன்னும் ஓடும் சார், சுத்திப் பாக்கிறீகளா?" என்றார் கடைக்காரர்.

இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், அந்த வாசனைக்கு நான் இன்றும் பயப்படுகிறேன்.

எழுபத்தாறின் கடைசி; நெருக்கடி நிலைக் காலம். திருப்பத்தூர் போகும் வழியில் ஒரு தனியார் பள்ளியில் சமூகப் பாட வாத்தியாராக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. அரையாண்டு வினாத்தாளை நானே எழுதி, நானே ஸ்டென்சில் வெட்டி, நானே கைப்பிடி சுற்றி அடித்தேன். ஏழாவது கேள்வி: 'கல்வி மாநிலப் பட்டியலில் இருப்பதன் நன்மைகள் யாவை?' ஐந்து மதிப்பெண். பாடப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தது. சொந்தமாக யோசிக்கும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை.

செய்தித்தாளையாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம். கல்வியை மாநிலத்திடமிருந்து எடுத்து, டெல்லிக்கும் பங்குள்ள பொதுப் பட்டியலில் வைக்கும் சட்டம் அப்போதுதான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. ஆசிரியர் அறைக்குள் வருவதற்குள் அந்தச் செய்தி வளர்ந்துவிட்டது: டெல்லியில் பெரிய இலாகா வருகிறது, வாத்தியார்கள் எல்லாரும் அதற்குக் கீழே, கானாடுகாத்தான்காரனைக் கான்பூருக்கு மாற்றுவார்கள். எனக்குத் தெரிந்த இந்தி, ரயில் நிலையப் பலகைகளில் தார் பூசாமல் விட்டுப்போன எழுத்துகள் மட்டும்.

வினாத்தாள் அடித்த மறுநாள் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். யாரோ அரசாங்கத்தைத் திட்டி நோட்டீஸ் போட்டிருந்தார்களாம்.

"மெஷின் இருக்கிற எடத்துல எல்லாம் ஒரு தாள் வாங்கியாரச் சொல்லியிருக்காக" என்று, மேலே கிடந்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். என் வினாத்தாள். என் கையெழுத்து.

தலைமை ஆசிரியர் கதவைச் சாத்தினார். "தம்பி, நன்மைன்னு எதுக்குக் கேட்டீக? தீமைன்னு கேட்டிருக்கக்கூடாதா?"

"புத்தகத்துல நன்மைதான் சார் இருக்கு."

"புத்தகத்தையா புடிச்சுக்கிட்டுப் போகப் போறாக?"

மறுபடி அடிக்கத் தாள் இல்லை. அந்தக் கேள்வியை யாரும் எழுத வேண்டாம், எல்லாருக்கும் ஐந்து மதிப்பெண் என்று முடிவாயிற்று. அதற்கடுத்த நாட்களில் எந்த சைக்கிள் மணி அடித்தாலும் சுண்ணாம்புக்கட்டி என் கையிலிருந்து விழுந்தது. மாற்று வேட்டியும் பற்பொடிப் பொட்டலமும் ஒரு பையில் தயாராக இருந்தன. ஜெயிலுக்குப் போகிறவனுக்குப் பல் மேல் என்ன அக்கறையோ.

தேர்வன்று அறிவிப்பைச் சொல்லத் தாமதமாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் பாத்திமா எழுந்து நின்றாள். "நான் அதைத்தான் சார் மொதல்ல எழுதுனேன்."

அன்று மாலை அவள் விடைத்தாளின் நூலை அவிழ்த்தேன். ஒரு தாளின் இரண்டு பக்கமும் அந்த ஒரே பதில். தாளை உருவி அடுப்பில் போட்டுவிட்டு ஐந்து மதிப்பெண்ணைக் கூட்டலில் சேர்த்தேன்.

விடைத்தாள் கொடுத்த நாள் மேசைக்கு வந்தாள். "சார், ஒரு தாளைக் காணோமே."

"மார்க் போட்டிருக்கேன்ல?"

"மார்க்கு இருக்கு சார். தாளைத்தான் காணோம்."

"போய் ஒக்காரு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதன்பின் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

அந்தப் போலீஸ்காரர் மறுபடி வரவேயில்லை. அடுத்த வருஷம் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, "அதை யாரு சார் படிச்சா? நோட்டீசோட எழுத்து ஒத்துப்போகுதான்னு மட்டும் பாத்தாக" என்று சிரித்தார். அதற்குள் தேர்தல் வந்து நெருக்கடி நிலை போயிருந்தது. சட்டம் போகவில்லை. புதுப் பாடப் புத்தகத்தில் 'கல்வி பொதுப் பட்டியலில் உள்ளது' என்று ஒற்றை வரி வந்தது. நன்மைகள் இருந்த பக்கம் போய்விட்டது. பள்ளியும் இப்போது இல்லை.

அடுப்பில் போடுமுன் பாத்திமாவின் தாளில் முதல் வரியை மட்டும் படித்தேன்: 'எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் ஓடு உடைந்தால்.' அதற்கு மேல் படிக்கப் பயம் விடவில்லை. ஓடு உடைந்தால் என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.