ரெக்கோடர் போட்டதும் வருகிற தமிழ்

1. நல்ல பதில்கள்

குருநகர்க் கரையில் என் களப்பணி தொடங்கிய முதல் நாளே பதில்கள் வந்து கொட்டின. மானிடவியல் மாணவிக்கு வேறென்ன வேண்டும் என்று துள்ளினேன். வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த பிலோமினாக்கா, நான் ரெக்கோடரைப் போட்டதும் தொண்டையைச் செருமினார். "எமது வாழ்வாதாரம் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது."

அடுத்த மீன்வாடிக் கொட்டிலிலும் அதே வசனம். அதற்கடுத்ததிலும் அதுவே. எனக்கு முன்னால் தொண்டு நிறுவனங்களின் திட்டக்காரர் எத்தனையோ பேர் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். கரைக்கு அந்தத் தமிழ் பாடமாகிவிட்டது.

நான் எழுதிக் கொடுத்த பதில்களை என் பல்கலைக்கழக மேற்பார்வையாளர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஒரே ஆள் சொன்னமாதிரிக் கிடக்கு. உம்மோடை ஒருத்தரும் கதைக்கேல்லை பிள்ளை. இப்பிடியே போனா உமக்கு வேறை இடம்தான் பாக்கவேணும்."

ஆட்களோடு கலந்திருந்தே கவனிக்க வேண்டும், அதுதான் பங்கேற்று அவதானித்தல் என்று படித்திருந்தேன். நடைமுறையில், நான் கிட்டப் போனால் சிரிப்பு நின்றுவிடும். வாடகை அறைக்குத் திரும்பி, பதிந்த குரல்களை ஓடவிட்டுக்கொண்டு சாப்பிடுவேன். அறையில் ஆள் சத்தம் கேட்க வேண்டுமே.

2. எனக்கு விழுந்த கேள்வி

ஒருநாள் காலை நானும் பெண்களோடு குந்தியிருந்து நண்டு கழற்றினேன். பக்கத்தில் ரெக்கோடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நண்டு விரலைக் கவ்வ, நான் கத்திவிட்டேன்.

"உதுக்கும் உம்மைப் பேட்டி எடுக்க விருப்பம் போலை," என்றார் பிலோமினாக்கா. "நெடுக நீர்தானே கேக்கிறீர், இண்டைக்கு நான் கேக்கிறன். ஊர் எது?"

"நீர்வேலி அக்கா."

"உந்தா கிடக்கு நீர்வேலி! பஸ்ஸிலை வந்து போகலாமே. பிறகேன் இஞ்சை அறை எடுத்து இருக்கிறீர்? வீட்டிலை ஆர் இருக்கினம்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "குடும்பத்தினர் அனைவரும் புலம்பெயர்ந்து வாழ்கின்றனர்."

பிலோமினாக்காவின் கையிலிருந்த வலை நழுவியது. அப்படியொரு சிரிப்பு. "கடவுளே, உவவுக்கும் அந்தத் தமிழ் வந்திட்டுது! பிள்ளை, உதை நிப்பாட்டிப்போட்டு ஒழுங்காக் கதையும்."

நிப்பாட்டினேன்.

"அம்மாவும் அண்ணையோடை இருக்கக் கனடாவுக்குப் போட்டா அக்கா. வீடு பூட்டிக் கிடக்கு. அங்கை தனிய நிக்க ஏலாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிலோமினாக்கா வலையின் ஒரு நுனியை என் பக்கம் இழுத்துவிட்டார்.

"என்ரை மூத்தவன் பிரான்சிலை. போன் எடுத்தா, 'நான் நலமாக இருக்கிறேன் அம்மா' எண்டுவான். இஞ்சை இருக்கேக்கை ஒருநாளும் அப்பிடிக் கதைச்சவனில்லை."

பிறகு மற்றப் பெண்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தார்கள். ரெக்கோடரில் ஒன்றும் இல்லை. அவர்களிடம் சம்மதம் கேட்டு, நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். "இப்பத்தான் ஆக்கள் தெரியினம்," என்றார் மேற்பார்வையாளர். இடம் மாறவில்லை.

களத்துக்குப் போக இருப்பவர்களுக்கு ஒன்று. அறிக்கைத் தமிழில் பதில் வந்தால், ஆள் மறைக்கிறார் என்று குறித்துவிடாதீர்கள். கேள்வி நோகிற இடத்தில் பட்டிருக்கலாம்.

நான் இப்போதும் அறையில் தனியேதான் சாப்பிடுகிறேன். ரெக்கோடரில் பதிந்த குரல்களை மட்டும் ஓடவிடுவதில்லை.