மகள் பெயருக்குப் போட்ட தடை

2005-ஆம் ஆண்டு, மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. வளைகுடா நாடொன்றில், எங்கள் தொழிலாளர் முகாமுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு இன்டர்நெட் கடையில் இது நடந்தது.

எனக்கு ஊர் உச்சிப்புளிக்கு உள்ளே ஒரு கிராமம். எட்டாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடி உப்பளம், மண்டபத்து ஐஸ் கம்பெனி, பம்பாய், மலேசியா என்று எங்கேயும் இரண்டு வருஷம் தங்கியதில்லை. இங்கிலீஷ் எழுத்துகள் பஸ் போர்டைப் பார்த்துப் பழகியதுதான். பாம்பனுக்குப் பி, மண்டபத்துக்கு எம், ராமேஸ்வரத்துக்கு ஆர். அவ்வளவு போதும், உலகத்தையே சுற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மனைவி ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது கம்பி கட்டும் வேலைக்கு விசா வந்தது. விமானம் ஏறிவிட்டேன்.

தைப்பூசத்தன்று மகள் பிறந்தாள். பௌர்ணமி என்று பெயர் வைக்கச் சொல்லி நான்தான் போனில் சொன்னேன். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எங்களைப் பாலைவனத்துக்குள் இருந்த வேறொரு வேலைத்தளத்துக்கு ஏற்றிப் போகிறார்கள். அங்கே மூன்று மாதம். போன்கூடக் கிடையாது. பார்ப்பதென்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

அதற்கு ஏற்பாடு செய்தவர் என் மனைவியின் அண்ணன். உச்சிப்புளி ஸ்டுடியோவில் குழந்தையைப் படம் எடுத்து, சிடியில் போட்டு, மண்டபத்தில் எஸ்.டி.டி. பூத்தோடு சேர்ந்திருந்த பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோனார். எனக்கு ஈமெயில் எல்லாம் கிடையாது. அதனால் அந்த சென்டர்க்காரர் இன்டர்நெட்டில் ஒரு ஆல்பம் திறந்து, யாரும் பார்க்கிற மாதிரி படத்தை ஏற்றித் தருவதாகச் சொன்னார். ஆல்பத்துக்குப் பெயர் கேட்டார்கள். மகள் பெயரை நானே எழுத்துக் கூட்டிப் போனில் சொன்னேன். அந்தப் பெயரோடு வந்த முகவரியை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

முகாமுக்குப் பக்கத்து இன்டர்நெட் கடைக்காரர் புதுமடத்துக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். நம்ம பக்கத்து ஆள் என்பதால் எனக்கு ஒரு தைரியம். இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்து, முகவரியை ஒற்றை விரலால் தட்டினேன். மகள் வரவில்லை. அரபியிலும் இங்கிலீஷிலும் எழுதிய ஒரு பக்கம் வந்து நின்றது. மறுபடி தட்டினேன். அதே பக்கம். மூன்றாவது தடவை பாய் எட்டிப் பார்த்துவிட்டார்.

"யா அல்லாஹ்! ஏலே, ஜும்ஆ தொழுகை முடிஞ்ச கையோட இதையாடா பாக்க வந்த? ஆபாசப் படம், பாக்கக் கூடாதுன்னு கவர்ன்மென்டே எழுதிப் போட்டிருக்கு, நீ திரும்பத் திரும்பத் தட்டுற! செக்கிங் வந்தா என் கடைக்குச் சீல் வச்சிருவான். எந்திரி, வெளிய போ!"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எங்கள் முகாம் ஆட்களும் இருந்தார்கள். யாரோ ஒருவன், "புதுசா கல்யாணம் ஆனவன் பாய், விடுங்க" என்றான். சிரிப்பு.

நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எம் மகளப் பாக்க வந்தேன் பாய். பொறந்து முப்பது நாளுகூட ஆகல. அதுல என்ன ஆபாசம் இருக்கு? காட்டுங்க பாப்போம்."

பக்கத்துக் கேபினில் இருந்த பையன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, தடை பண்ணுனதத் தொறக்க வேற வழி இருக்கு. பாய் அங்கிட்டுப் போகட்டும், நான் போட்டுத் தாரேன்." அந்த ஊரில் அது சகஜம். நெட் போன் பேசவும் தடை இருந்தது. ஆட்கள் அப்படி இப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ரோஷம் ஏறிவிட்டது.

"எம் மகளத் திருட்டு வழியிலயா பாக்கச் சொல்ற? தப்பான படம் பாக்குறவன் அப்பிடிப் பாக்கட்டும். நான் நேர் வழியிலதான் பாப்பேன்" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னேன்.

பாய் என்னையே பார்த்தார். அப்புறம் குனிந்து, சிகரெட் அட்டையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தார். பி, ஓ, ஆர், என். நான்காவது எழுத்தில் நின்றுவிட்டார்.

"மகளுக்கு என்ன பேரு?"

"பௌர்ணமி."

"இத இங்கிலீஷ்ல எழுதுன மேதாவி யாரு?"

"நான்தான்."

தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் காதோரம் குனிந்து, அந்த முதல் நான்கு எழுத்துக்கு இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்று சொன்னார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. "மெஷினுக்கு உம் மகளும் தெரியாது, பௌர்ணமியும் தெரியாது. அந்த நாலு எழுத்தக் கண்டா சாத்திரும். பேசாம மலர், ரோஜான்னு எதையாச்சும் போடச் சொல்லு."

"பேரு அதேதான் பாய். சரியா எழுதுறது எப்பிடின்னு மட்டும் சொல்லுங்க."

"ஓ-வுக்கும் ஆர்-க்கும் நடுவுல ஒரு யூ போடணும்" என்றார் பாய். தன் செல்போனில் மண்டபத்து நம்பரைப் போட்டுக் கொடுத்தார். நல்லவேளை, மச்சான் சென்டரிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, பாத்தியா? உம் மூக்கு அப்பிடியே வந்திருக்கா?"

"இன்னும் பாக்கல மச்சான். பேருல ஓ-வுக்கும் ஆர்-க்கும் நடுவுல யூ போட்டு, ஆல்பத்தப் புதுசா தொறக்கச் சொல்லுங்க."

"யூ எதுக்கு மாப்ள? இப்பவே பேரு நல்லாத்தான இருக்கு?"

"இங்கன அது ஆகாத வார்த்தையாம்."

"எது, பௌர்ணமியா? பெறை பாத்து நோன்பு புடிக்கிற நாட்டுல பௌர்ணமி ஆகாதா? என்னய்யா அநியாயமா இருக்கு!"

இத்தனை பேர் முன்னால் எப்படி விளக்குவது? "யூ மச்சான், யூ! உச்சிப்புளிக்கு வர்ற யூ! நம்ம ஊரு எழுத்து!" என்று கத்தினேன். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

புது முகவரியைத் தட்டும்போது மணி மூன்று இருபது. இந்தத் தடவை அந்த அரபிப் பக்கம் வரவில்லை. படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் ஸ்டுடியோவின் நீலத்திரை. அப்புறம் தலைமுடி, நெற்றி. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். பாதிக் கண்ணில் படம் நின்றுவிட்டது. ஹாரன் நிற்கவில்லை. முகாம் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மேஸ்திரி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க போறதுன்னா போங்க. கன்னம் வராம நான் வர மாட்டேன்" என்றேன்.

மேஸ்திரி வையப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். கண் வந்தது. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வந்தது. மூடிய வாய் வந்தது. மச்சான் சொன்னது நிஜம்தான், மூக்கு என்னுடையது. பாய் ஒன்றும் கேட்காமல் ஒரு தாளில் அச்செடுத்து என் சட்டைப்பையில் திணித்தார். "ஓடு. யூ-வ மறந்துராத."

2009-இல் ஊரில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, படிவத்தை நிரப்பிய டீச்சரம்மா பெயரை நான் அன்று எழுதியது போலவே எழுதினார். பேனாவை வாங்கி, ஓ-வுக்கும் ஆர்-க்கும் நடுவில் நானே யூ போட்டேன். "இப்படியும் எழுதலாமே" என்றார் அந்த அம்மா. "எழுதலாம், ஆனால் இவளை யாரும் வாசலில் நிறுத்தக் கூடாது" என்றேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்களில், எனக்குப் படிக்கத் தெரியாத எத்தனையோ எழுத்துகள் என்னை வெளியே போகச் சொல்லியிருக்கின்றன; என்ன தப்பு செய்தேன் என்று தெரிகிறவரை நாற்காலியை விடக் கூடாது என்பதை மட்டும் நான் அந்த வெள்ளிக்கிழமையோடு கற்றுக்கொண்டேன்.