மயிலுக்குப் போட்ட சட்டம்

அரசாங்கக் கச்சேரியில் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஐயா, எங்கள் தெரு கோப்பிச் சக்கைத் தண்ணீர் குடித்ததற்குக் காரணம் நீங்கள்தான். ஆலைக்காரர் அதை ஓடையில் விட்டார். நீங்கள் அதற்குக் காவலாக ஒரு சட்டம் வாங்கிக் கொடுத்தீர்கள்.

நடந்ததை எழுதுகிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரிப்பதால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

கண்டிக்குப் போகும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வண்டிக்காரர்கள் மாடு அவிழ்க்கும் இடத்தில் என் கடை. தெரு முழுவதற்கும் ஒரே பீலிதான். மலையிலிருந்து இறங்கும் ஓடையில் குடைந்த கமுக மரத்தைச் செருகி வைத்திருந்தோம். இப்படித் தண்ணீர் விழும் குழாய்க்குச் சிங்களவர் சொல்லும் சொல்லை எங்கள் நாக்குக்கு ஏற்றபடி பீலி ஆக்கிக்கொண்டோம். பாலுண்ணும் பிள்ளையைத் தவிர இங்கே எல்லோருக்கும் அது தெரியும்.

மேலே கோப்பிப் பழம் உரிக்கும் ஆலை வந்தது. தோலும் பழச்சளியும் கலந்த கழிவை ஓடையில் திறந்துவிட்டார்கள். பீலியில் பழுப்புத் தண்ணீர் வந்தது. செத்த எலி போல நாறியது. அப்போது என் மதினிக்கு மாதம் நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீரில் வைத்த கஞ்சி உள்ளே போனதும் திரும்பி வந்தது. வயிறு மட்டும் பெருத்து மற்றதெல்லாம் வற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பேச வராது. அதனால் நான் கச்சேரிக்கு வந்தேன்.

துரைக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தீர்கள். வடக்கே இருந்து புதிதாக வந்தவர், தலைப்பாகை கலையாதவர். நான் சொன்னது இவ்வளவுதான்.

"பீலி நாறுதுங்க ஐயா. வாயில வைக்க முடியல. புள்ளத்தாச்சி ஒருத்தி கெடந்து வாந்தி எடுக்கிறா."

"ஓம், ஓம், விளங்குது," என்றீர்கள்.

தண்ணீர் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பீலி என்றால் அதற்குள் தண்ணீர் இருக்கிறதே. உங்களுக்கோ பீலி என்றால் மயிலிறகு. அதை ஏன் ஒருத்தி வாயில் வைக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவீர்கள். துரையிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையின் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அடுத்த சந்தையில் பறையடித்தார்கள். பீலி வைத்திருப்போர் எல்லோரும் அதை இறக்கிக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும், தவறினால் தண்டம்.

அரசாங்கம் சொன்னால் செய்ய வேண்டியதுதானே. பீலியைப் பிடுங்கி, கழுவி, இரண்டு கல்லின்மேல் மல்லாக்கக் கிடத்தினோம். தண்ணீர் சேற்றில் பரவி ஓடியது. அதைச் சிரட்டையால் மொண்டு வந்து மதினிக்குக் கொடுத்தேன்.

"கொழுந்தனாரே, அவுங்க மூளைய மொதல்ல வெயில்ல போடச் சொல்லுங்க," என்றாள்.

சட்டம் நடக்கிறதா என்று பார்க்க நீங்களே பொலிஸ்காரனுடன் வந்தீர்கள். பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்போம்; அவரிடம் மயிலிறகு விசிறி ஒன்று இருந்தது. பக்கீர் கொடுத்தது. அதை வாங்கி மோந்து பார்த்தீர்கள்.

"இது நாறேல்லையே."

"அது ஏன் நாற? நாறுற பீலி அந்தா வெயில்ல கிடக்கு," என்றார் நானா.

கமுக மரத்தைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் சுண்டியதைத் தெருவே கண்டது. அப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கலாம். "இதைத்தான் நானும் சொன்னனான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். அதன்பிறகு பீலியைத் திரும்பச் செருகப் போனால், சரியாகக் காயவில்லை என்று பொலிஸ்காரன் தடியை நீட்டினான்.

கழுவிய பீலியைத் துரையே பார்வையிடட்டும் என்று முடிவு செய்தோம். ஆலைக்கு மேலே போய் நல்ல தண்ணீரில் கழுவியிருந்தால் சட்டப்படி இருந்திருக்கும். நாங்கள் ஆலைக்குக் கீழே ஓடையில் ஒரு இரவு ஊறப்போட்டோம். வழவழவென்று சளி பிடித்தது. நானா தன் விசிறியைப் பிரித்து அதன் தலையில் கட்டினார். பறையடித்தவனே கூலி வாங்காமல் முன்னால் நடந்தான். வேண்டாம் என்றாலும் மதினி கேட்கவில்லை. மாட்டு வண்டியில் ஏறிப் பீலியின் வாலை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் வாந்தி எடுத்தாள், மறு பக்கம் சிரித்தாள். எதிரில் வந்தவர்கள் கல்யாணமா சாவா என்று கேட்டார்கள். மயிலுக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றோம். அவர்களும் பின்னால் வந்தார்கள். கண்டிக்குள் நுழையும்போது நாங்கள் ஒரு திருவிழா.

துரை முற்றத்துக்கு இறங்கி வந்தார். பீலிக்குள் மூக்கை வைத்தார். பின்வாங்கிய வேகத்தில் தொப்பி விழுந்தது. நான் மலையைக் காட்டினேன், மதினியின் வயிற்றைக் காட்டினேன். துபாஷி தேவைப்படவில்லை. அவர் கத்தினார். அதை நீங்கள் எங்களுக்குத் தமிழில் சொன்னீர்கள்.

"ஆலைத் தண்ணியை ஓடையிலை விடக் கூடாதாம். வேறை கான் வெட்ட வேணுமாம்."

ஆலைக் கழிவு போகத் தனியாகக் கான், அதாவது வாய்க்கால், வெட்டினார்கள். பீலி தெளிந்தது. மதினி பெண் பிள்ளை பெற்றாள். தெருவே அந்தக் குழந்தையை மயிலே என்றுதான் கொஞ்சுகிறது.

இப்போது அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். கான் தூர்ந்து கிடக்கிறது. அடுத்த பழம் பறிக்கும் காலம் நெருங்குகிறது, கழிவு மறுபடி ஓடைக்குத்தான் வரும். வெட்டச் சொன்னால் ஆலைக்காரர், "எனக்கு யாரு பறையடிச்சா?" என்கிறார். அவர் சொல்வது உண்மை. மயிலுக்குப் போட்ட சட்டம் சந்தையில் முழங்கியது. ஆலைக்குப் போட்ட சட்டம் உங்கள் வாயிலிருந்து அந்த முற்றத்தில் விழுந்ததோடு சரி. அதை எங்கள் காதால் கேட்டோம் என்று சொன்னால் புதுத் துரை நம்பமாட்டார். உங்களிடம் வந்து கேட்டேன். நினைவில்லை என்றீர்கள். நினைவிருந்தால் மயில் கதையும் வெளியே வந்துவிடும் அல்லவா?

மதினியின் மகள் இப்போது தானாகவே நடந்து போய்ப் பீலியில் கையேந்திக் குடிக்கிறாள்.

வருகிற சந்தைக்கு வாருங்கள். பறையடிப்பவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதே இடத்தில், அதே கூட்டத்தின் முன்னால் கேட்கிறேன். துரை அன்று ஆலைக்குக் கான் வெட்டச் சொன்னாரா, இல்லையா? கச்சேரி அறைக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அங்கே, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.