ஊற்றிய பிறகு திருப்பிப் பார்த்த பாட்டில்

பத்து மாடி உயரத்தில் தொங்கியபடி லிப்டைப் பழுதுபார்க்கும் அந்த மெக்கானிக்குக்கு, வீட்டு அடுப்படியில்தான் பயம். இரண்டு வருடங்களுக்கு முன் இறால் தின்ற மகளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்திருந்தது. இறால், நண்டு, சிப்பி எதுவும் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கோஸும் கேரட்டும் வதங்கிய சட்டியில், கூட வேலை பார்ப்பவர் கொடுத்த வெளிநாட்டுக் கறுப்பு சாஸை ஊற்றிப் புரட்டினார். மகளுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு சிப்பிப் படம்.

"வாயில வைக்காதம்மா!" என்று கத்தித் தட்டைப் பிடுங்கினார்.

பாட்டில் கொடுத்த நண்பரைப் போனில் கேட்டார். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "ஆமாங்க, சிப்பியில செய்யறதுதான். ஏன், ருசியா இல்லையா?"

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "நாக்குல பட்டுச்சா? உண்மையச் சொல்லு."

"இல்லப்பா. சூடா இருந்துச்சு, ஊதிட்டிருந்தேன்."

அப்படியும் மனம் ஆறவில்லை. வாய் கொப்பளிக்க வைத்து, ஒரு மணி நேரம் அவள் உதட்டையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு சட்டியை மூன்று முறை தேய்த்துக் கழுவி, வெறும் உப்பும் மிளகும் போட்டுப் புதிதாக வதக்கினார். மகளையே பார்த்துக்கொண்டு போட்டதில் உப்பு கூடிப்போனது. மகள் முகம் சுளிக்காமல் முழுவதையும் சாப்பிட்டாள்.