சுவாமி அலுமாரிக்குள் வைஃபை

பிள்ளைகளே, நான் முன்பு வெளிநாட்டில், மிச்சம் என்ற ஊரில், ஒரு விமான டிக்கெட் அலுவலகத்தில் வேலை செய்தேன். முதலாளி பளபளக்கும் சப்பாத்துப் போட்ட பெரிய அறிவாளி. மேசைக்கு மேசை கேபிள் இழுக்கவா என்று எலெக்ட்ரீசியன் கேட்டபோது, "காத்திலை வாற சாமானுக்கு வயர் ஏனப்பா?" என்று சிரித்தார். திறப்புவிழாப் பூசையில் வைஃபை பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் பூசி, இரும்பாலான சுவாமி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இன்டர்நெட் நின்றால் கற்பூரம் காட்டுவார். அடிக்கடி காட்டினார்.

ஒருநாள், தகப்பனின் செத்தவீட்டுக்குப் போக அந்தரப்பட்டு ஒரு பெண் வந்தார். அன்று கொழும்புக்கு ஒரேயொரு சீட்தான் இருந்தது. என் கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

"அண்ணை, பெட்டியை வெளியிலை எடுப்பமே?"

"பூசை செய்த இடத்தாலை அசைக்க ஏலாது. பொறும், வரும்."

அந்தப் பெண்ணால் பொறுக்க முடியவில்லை. எங்கள் முன்னாலேயே இருந்து, தன் போனில் அந்தச் சீட்டை வேறு கம்பெனியிடம் வாங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பாத்தீரே தம்பி! ஒரு வயரும் இல்லாமல் வந்திட்டுது!"

அவர் பகிடிதான் விட்டாரா, உண்மையாகவே வென்றுவிட்டதாக நினைத்தாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த முகத்தில் ஒரு சொட்டுச் சந்தேகமும் இருக்கவில்லை.