மாதா கெபி நிழலில் எங்கள் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத வேண்டும் என்றதும் சொந்தங்கள் எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். வீட்டில் படித்தவள் நான்தானாம். எனக்கோ பேனாவைத் தூக்கவே அலுப்பாக இருக்கிறது. நான் படித்து ஆளான கதைதான் அண்ணனின் கதையும் என்பதால் எழுதுகிறேன்.

கோம்பையில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானபின் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்து என்னை வளர்த்தார். ஊர் அம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில் அப்பா எடுத்துவந்த தீச்சட்டியும் அவர் கைக்கு வந்தது. அதை ஏந்தி நடப்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த பெருமை. மற்ற நாளெல்லாம் முதுகில் மருந்தடிக்கும் டேங்க்தான்.

நான் பள்ளிப் படிப்பை முடித்ததும், தேனியைத் தாண்டி கன்னியாஸ்திரிகள் நடத்தும் கல்லூரியில் சேர்த்தார். திருவிழாக் குழுத் தலைவரான எங்கள் பெரியப்பா, வீட்டுக்கே வந்து குதித்தார்.

"ஏலே, பிள்ளைய மதம் மாத்தி வேதத்துல சேத்துருவாகடா!"

"அங்கன ராத்திரி கேட்டைப் பூட்டிருவாக, நேரத்துக்குச் சோறு போடுவாக. நான் தோட்டத்துக்குப் போயிட்டா இங்கன இவளுக்கு ஆரு இருக்கா பெரியப்பா?" என்றார் அண்ணன்.

வகுப்பு தொடங்கிய சமயம் ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய வீட்டார் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. விழா முடிந்து விடுதிக்கு வரலாம், வகுப்பை மட்டும் விடக் கூடாது என்றார் விடுதி சிஸ்டர். அதனால் தினமும் முதல் பஸ்ஸில் அண்ணன் என்னைக் கூட்டிப்போய், சாயங்காலம் திரும்பக் கூட்டிவந்தார். விரதம், மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. நான் வகுப்பில் இருக்க, வாசலருகே கல்குகை போலக் கட்டிய மாதா கெபியின் நிழலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்.

யாரோ பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு ஊருக்குள் வந்து சேர்ந்தபோது, அண்ணன் காப்போடு மாதாவை முழந்தாளிட்டுக் கும்பிட்டதாக ஆகிவிட்டது. திருவிழா அன்று தீச்சட்டியை வேறொருவர் கையில் கொடுத்தார் பெரியப்பா.

"வெயிலு தாங்கல பெரியப்பா. நெழலு அங்கனதேன் இருந்துச்சு."

அண்ணன் அவ்வளவுதான் சொன்னார். கெஞ்சவில்லை. விடுதியில் என்னை விட வந்த அன்று, படிப்பே வேண்டாம் என்று அழுதேன்.

"கழுத, சட்டி போனது பத்தாதா, படிப்பும் போகணுமா?" என்று அதட்டினார்.

காலை ஜெபத்தில் என்ன செய்கிறாய் என்று ஒருமுறை கேட்டார். "சும்மா நிப்பேண்ணே" என்றேன். "நில்லு ஆத்தா. நின்னா காலா தேஞ்சிரும்?" என்று சிரித்தார். என்னை அங்கே யாரும் மதம் மாறச் சொல்லவில்லை. படித்து ஆசிரியையும் ஆனேன். அண்ணன் மட்டும் ஒவ்வொரு வைகாசியிலும் கூட்டத்தோடு கூட்டமாக ஒதுங்கி நின்றார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸுக்குத் தேனி போவதும் வருவதுமாக இருவருமே ஓய்ந்துபோனோம். கடைசி வைகாசிக்கு முன்னால் பெரியப்பா தடியூன்றி வந்தார்.

"இந்த வருசம் சட்டிய நீயே எடுடா. என் பேத்தியும் இப்ப அந்த சிஸ்டர் காலேஜுலதேன் படிக்கிறா."

தாங்கிப் பிடித்தால்தான் அண்ணனால் உட்காரவே முடியும். என் தோளில் சாய்ந்தபடியே கேட்டார்.

"பிள்ளைக்கு ஹாஸ்டல் சோறு ஒத்துக்கிருச்சா பெரியப்பா?"

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் செவிலியர்களுக்கும், நேரம் காலம் பாராமல் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், துக்கத்துக்கு வந்து எங்களோடு தரையில் அமர்ந்திருந்த சிஸ்டர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பா, உங்களுக்கும் நன்றி. வந்தீர்கள். அண்ணன் எழுந்து நிற்க முடிந்த காலத்தில் வந்திருக்கலாம்.

— தங்கை